மனு முழுக்க ‘ஆதரவு’ தானா?

கேள்வி: பாம்பன் பக்கம் கடற்பாசி வளர்க்கும் மகளிர் குழுவுக்காக ஆட்சியருக்கு மனு எழுதுகிறேன். ஒரே பக்கத்தில் ‘ஆதரவு’ ஏழு இடத்தில் வந்துவிட்டது. மாற்றுச் சொற்கள் என்னென்ன? எதை எங்கே போடுவது?

பதில்: உதவி, துணை, உறுதுணை, பக்கபலம், ஒத்தாசை என்று அகராதி அடுக்கிக்கொண்டே போகும். ஆனால் ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்று உட்காராது.

முதலில் பணம் சம்பந்தப்பட்ட வரிகளைப் பிரித்தெடுங்கள். மூங்கில் மிதவை கட்டக் கேட்பது மானியம். மத்திய அரசின் மீன்வளத் திட்டமான மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பெண்களுக்கு அது அலகுச் செலவில் (ஓர் அலகு அமைக்க அரசு கணக்கிட்டுள்ள செலவில்) 60 சதவீதம் வரை உண்டு. புயலில் மிதவை உடைந்தால் கேட்பது நிவாரணம். வங்கியிடம் கேட்பது கடனுதவி. ‘மிதவைக்கு ஆதரவு வேண்டும்’ என்று எழுதினால், மேசையில் இருப்பவர் அதை எந்தக் கோப்பில் சேர்ப்பார்? இந்தத் திருத்தத்திலேயே ஏழில் பாதி கழிந்துவிடும்.

ஆதரவு என்பது ஒருவர் பக்கம் நிற்பது. கருத்துக்கு என்றால் ‘தெரிவித்தல்’, ஆளுக்கு என்றால் ‘அளித்தல்’ சேரும். ‘கிராம சபையில் எங்கள் கோரிக்கைக்கு ஆதரவு தெரிவித்தனர்’ என்ற வரி சரியானது, அதில் கை வைக்காதீர்கள்.

‘துணை’யில்தான் ஆபத்து. ‘துணை நிற்க வேண்டும்’ என்று எழுதலாம். ‘துணை போக வேண்டும்’ என்றால் குற்றத்துக்கு உடந்தையாகக் கூப்பிடுவதுபோல் ஆகிவிடும். உறுதுணை, நன்றி சொல்லும் பத்திக்குப் பொருந்தும்: ‘தொடக்கம் முதல் உறுதுணையாக இருந்துவரும் மீன்வளத் துறைக்கு...’ ஒத்தாசை என்பது மிதவையைத் தண்ணீருக்குள் தள்ள நாலு பேர் கை கொடுப்பது. பேச்சில் அழகு, மனுவில் எடுபடாது. கரையேற்றிய வள்ளம் சாயாமல் கட்டை வைப்பதை ‘முட்டுக்கொடுத்தல்’ என்போம். இன்று இணையத்தில் அதற்கு, தவறென்று தெரிந்தும் ஒருவரைத் தாங்கிப் பேசுவது என்று பொருள், மனுவில் வேண்டாம்!

அவசரத்தில் ‘ஆதாரம் தர வேண்டும்’ என்று எழுதிவிடாதீர்கள், அது சான்று கேட்பதாகும். ‘வாழ்வாதாரம்’ வேறு, அது இருக்கலாம்.

உறுப்பினர்களில் யாராவது ‘ஆதரவற்ற விதவை’ என்று சான்று பெற்றிருந்தால் அந்தச் சொல்லை மாற்றவே கூடாது. ஓய்வூதியத் திட்டத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. ‘துணையற்ற’ என்று நயமாக எழுதினால் சான்றிதழும் மனுவும் ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்ப இடம் கொடுத்ததாகிவிடும்.