டெஸ்டோஸ்டிரோன் ஊசி: போடும் முன்பும் போட்ட பின்பும் – கேள்வி பதில்

ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவாக உள்ள ஆண்கள் ஊசி சிகிச்சை பற்றிக் கேட்டவையும், ஹார்மோன் மருத்துவர் தந்த பதில்களும்.

கேள்வி: வயது 41. எந்நேரமும் அசதி. ஒரு நாள் சாயங்காலம் 5 மணிக்கு டெஸ்ட் எடுத்ததில் 270 என்று வந்தது. ஊசி ஆரம்பித்துவிடலாமா டாக்டர்?

இந்த ஒரு ரிப்போர்ட்டை நம்பி ஆரம்பிக்கக் கூடாது. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், மாலைக்குள் இறங்கிவிடும். சாப்பிட்டாலும் குறையும், அதிலும் இனிப்பு சாப்பிட்டால் நன்றாகவே குறையும். காலை 7 மணியிலிருந்து 10 மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் ரத்தம் கொடுங்கள். காய்ச்சலோ வேறு நோயோ வந்து தேறிக்கொண்டிருக்கும்போது எடுக்காதீர்கள். முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் சில ஆய்வகக் கருவிகளில் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும், எனவே இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள்.

இரண்டு முறையும் 300 நானோகிராமுக்குக் கீழே (ஒரு டெசிலிட்டரில்) வந்தால்தான் 'குறைவு' என்ற பேச்சே. உங்கள் ரிப்போர்ட் நானோமோல் கணக்கில் இருந்தால் 28.8 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 10.4 என்பதும் 300 என்பதும் ஒன்றுதான்.

எண் மட்டும் போதாது, அறிகுறியும் வேண்டும். பாலியல் நாட்டம் குறைவது, காலையில் தானாக வரும் விறைப்பு இல்லாமல் போவது ஆகிய இரண்டும் டெஸ்டோஸ்டிரோன் குறைவோடு நெருக்கமாகப் பொருந்துபவை. வெறும் அசதிக்கு ரத்தசோகை, தைராய்டு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு என்று காரணங்கள் வரிசையில் நிற்கும். அவற்றை முதலில் பாருங்கள்.

கேள்வி: இரண்டு முறை காலையில் பார்த்தாயிற்று, 210 மற்றும் 225. உடனே ஊசி எழுதிக்கொடுத்துவிட்டார்கள். இன்னும் ஏதாவது பார்க்க வேண்டுமா?

ஆம், ஊசி போடும் முன்பே பார்த்தாக வேண்டும். போட்ட பிறகு இந்த டெஸ்டுகள் அர்த்தம் இழந்துவிடும்.

எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விரைக்கு அனுப்பும் ஆணைகள். இவை அதிகமாக இருந்து டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருந்தால் கோளாறு விரையில்: கிளைன்ஃபெல்டர் நோய்க்கூறு (பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக இருப்பது), பொன்னுக்குவீங்கியில் விரை பாதித்தது, கீமோதெரபி, அடிபட்டது போன்றவை. இவை குறைவாகவோ 'நார்மல்' என்றோ வந்தால் ஆணையே சரியாக வரவில்லை. அப்போது புரோலாக்டினும் (பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோன்) இரும்புச்சத்து அளவுகளும் பார்க்க வேண்டும். டெஸ்டோஸ்டிரோன் 150க்கும் கீழே இருந்தாலோ, புரோலாக்டின் கூடியிருந்தாலோ, தலைவலியும் பார்வைக் குறைவும் இருந்தாலோ பிட்யூட்டரிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்காமல் விடக் கூடாது. அங்கே இருக்கக்கூடிய கட்டியை உள்ளே வைத்துக்கொண்டு வெளியிலிருந்து ஹார்மோன் ஏற்றிக்கொண்டிருப்பது ஆபத்து.

மார்ஃபின், டிரமடால் போன்ற வலி மருந்துகள், நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை, முன்பு போட்ட ஜிம் ஊசிகள் எல்லாம் அளவைக் குறைக்கும். உடல் பருமன் இருந்தால் ஹார்மோனைச் சுமக்கும் எஸ்.எச்.பி.ஜி. புரதம் குறைந்து மொத்த அளவு குறைவாகத் தெரியும், ஆனால் புரதத்தோடு கட்டுறாத அளவு (ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்) சரியாகவே இருக்கலாம். அதையும் கேட்டு வாங்குங்கள். பருமனால் வந்த குறைவு எடை குறைந்தாலே கணிசமாக ஏறுவது உண்டு.

கேள்வி: 29 வயது, கல்யாணமாகி ஒரு வருடம். டெஸ்டோஸ்டிரோன் குறைவாம். ஊசி போட்டால் விந்தணுவும் கூடும் என்று நண்பர் சொல்கிறார்.

நேர் எதிர். இந்தத் தவறான நம்பிக்கையால் குழந்தை தள்ளிப்போகும் வீடுகள் நிறைய. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். அனுப்புவதை நிறுத்திவிடும். விரைக்குள் இருக்க வேண்டிய டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அது வற்றிப்போவதால் விந்தணு உற்பத்தி படுத்துவிடும், விரையும் சுருங்கும். வாரம் 200 மி.கி. டெஸ்டோஸ்டிரோன் எனந்தேட் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்திருக்கிறார்கள். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் விந்தணு பூச்சியமானது.

நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 மாதங்களில் திரும்பும். சிலருக்கு 2 வருடம்கூட ஆகும். அடுத்த ஓரிரு வருடத்தில் குழந்தை வேண்டும் என்றால் இந்த ஊசி வேண்டாம். குறைபாடு பிட்யூட்டரி பக்கம் இருந்தால் எச்.சி.ஜி. ஊசி, தேவைப்பட்டால் எஃப்.எஸ்.எச்., சிலருக்குக் குளோமிஃபீன் மாத்திரை என்று விரையையே வேலை செய்யவைக்கும் வழிகள் உண்டு. எப்படியிருந்தாலும் முதலில் விந்து பரிசோதனை செய்துவிடுங்கள்.

கேள்வி: எனந்தேட், சிப்பியோனேட், நான்கு கலந்தது, மூன்று மாத ஊசி… எது நல்லது சார்?

எல்லாவற்றிலும் உள்ளே போவது ஒரே டெஸ்டோஸ்டிரோன்தான். அதோடு ஒட்டவைத்த எஸ்டர் என்ற வேதித் துண்டு எவ்வளவு மெதுவாகப் பிரிகிறது என்பதில்தான் வித்தியாசம்.

எனந்தேட், சிப்பியோனேட் இரண்டும் நடைமுறையில் ஒன்று போலவே. வாரம் 50 முதல் 100 மி.கி., அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 100 முதல் 200 மி.கி. வாராந்தர முறைதான் என் சிபாரிசு, காரணம் கீழே வருகிறது.

நான்கு எஸ்டர் கலந்த 250 மி.கி. ஊசியைப் பொதுவாக 3 வாரத்துக்கு ஒருமுறை போடுவார்கள். அதிலுள்ள புரோப்பியோனேட் சீக்கிரம் தீர்ந்துவிடுவதால் முதல் நாட்களில் மேலே எகிறி, கடைசி நாட்களில் சரியும். அதன் எண்ணெய் நிலக்கடலை எண்ணெய். நிலக்கடலை ஒவ்வாமை இருப்பவர்கள் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்.

மூன்று மாத ஊசி என்பது அண்டெக்கனோயேட். 1000 மி.கி., 4 மி.லி., ஆமணக்கெண்ணெயில் வரும். முதல் ஊசி, 6 வாரத்தில் அடுத்தது, பிறகு 10 முதல் 14 வாரத்துக்கு ஒன்று. அளவு சமமாக இருப்பது இதன் பலம். பலவீனம், எண்ணெய்த் துளிகள் ரத்தக்குழாய் வழியே நுரையீரலுக்குப் போனால் போட்ட சில நிமிடங்களில் இருமல், மூச்சுத்திணறல், மயக்கம் வரலாம். அதனால் இது வீட்டில் போடும் ஊசி அல்ல. புட்டத் தசையில் இரண்டு நிமிடம் எடுத்து மெதுவாகப் போட்டு, அரை மணி நேரம் அங்கேயே உட்காரவைத்துப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும்.

கேள்வி: வாராந்தர ஊசியை வீட்டிலேயே போட்டுக்கொள்ள அனுமதித்துவிட்டார்கள். படிப்படியாகச் சொல்ல முடியுமா?

முதல் ஓரிரு முறை செவிலியர் முன்னால் போட்டுக் காட்டிவிட்டு, அதன்பின் வீட்டில்.

எல்லாவற்றுக்கும் முன் குப்பியிலுள்ள வீரியத்தைப் படியுங்கள். ஒரு மி.லி.யில் 200 மி.கி. இருந்தால் 100 மி.கி.க்கு 0.5 மி.லி. 250 மி.கி. இருந்தால் 0.4 மி.லி. கடையில் வேறு கம்பெனி மருந்து கொடுக்கும் நாளில்தான் இந்தத் தவறு நடக்கும். குப்பிக்குள் படிகம் தெரிந்தால் உள்ளங்கையில் வைத்து உருட்டிச் சூடாக்குங்கள், கரைந்துவிடும். கரையாவிட்டால் வேண்டாம். எண்ணெய் சூடாக இருந்தால் ஏறுவதும் சுலபம்.

கையைச் சோப்பில் கழுவி, ரப்பர் மூடியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து உலர விடுங்கள். ஈரத்தோடு குத்தினால் எரியும், கிருமியும் முழுதாகச் சாகாது. எடுக்க வேண்டிய அளவுக்குக் காற்றைச் சிரிஞ்சில் இழுத்து, குப்பிக்குள் தள்ளி, பிறகு மருந்தை இழுங்கள். உறிஞ்ச 18 அல்லது 20 கேஜ் தடித்த ஊசி, போட 22 முதல் 25 கேஜ் மெல்லிய ஊசி, நீளம் 1 முதல் 1.5 அங்குலம். ரப்பரைத் துளைத்த ஊசியின் முனை மழுங்கியிருக்கும், அதனால்தான் மாற்றுகிறோம்.

இடம்: தொடையின் வெளிப்பக்கம், முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவிலுள்ள மூன்றில் ஒரு பங்கு. உட்கார்ந்து, காலைத் தளர விட்டு, செங்குத்தாக ஒரே வீச்சில் குத்துங்கள். 1 மி.லி.க்கு அரை நிமிடம் என்ற வேகத்தில் தள்ளி, பத்து விநாடி வைத்திருந்து எடுங்கள். பஞ்சால் அழுத்தினால் போதும், தேய்க்க வேண்டாம். அடுத்த வாரம் மறு தொடை. புட்டத்தில் தானே போட முயல வேண்டாம். கை திரும்பும் கோணத்தில் இடம் தப்பிக் கால் நரம்பில் பட வாய்ப்பு உண்டு.

இரண்டு மூன்று நாள் வலி இருக்கும். சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், தொட்டால் சூடாக இருந்தால், காய்ச்சல் வந்தால் அது சீழ்க்கட்டியின் தொடக்கம், உடனே காட்டுங்கள். ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடுங்கள். பல முறை எடுக்கும் குப்பியில் திறந்த தேதியை எழுதிவையுங்கள். 28 நாளுக்குப் பிறகு, மிச்சம் இருந்தாலும், எறிந்துவிடுவது பாதுகாப்பு.

கேள்வி: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 200 மி.கி. முதல் நான்கு நாள் ராஜா மாதிரி இருக்கிறேன். பத்தாம் நாளுக்கு மேல் எரிச்சல், சோர்வு. டோஸ் கூட்டட்டுமா?

கூட்டினால் உச்சம் இன்னும் உயரும், சரிவும் இன்னும் ஆழமாகும். அதே அளவைப் பிரித்து வாரம் 100 மி.கி. ஆக்கச் சொல்லி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகும்.

ரத்தம் எப்போது எடுத்தீர்கள் என்பதும் முக்கியம். எனந்தேட், சிப்பியோனேட் போடுபவர்கள் இரண்டு ஊசிக்கு நடுவில் எடுக்க வேண்டும், அண்டெக்கனோயேட் போடுபவர்கள் அடுத்த ஊசிக்குச் சற்று முன். ஊசி போட்ட மறுநாள் எடுத்த 1100ஐக் காட்டி 'அதிகம்' என்று குறைப்பதும், 14ஆம் நாள் எடுத்த 250ஐக் காட்டி 'போதவில்லை' என்று கூட்டுவதும் அடிக்கடி நடக்கும் கூத்து. ரிப்போர்ட்டின் மேல் 'ஊசி போட்டு இத்தனையாவது நாள்' என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

கேள்வி: ஆறாவது மாத டெஸ்டில் ஹிமாட்டோக்ரிட் 55 சதவீதம். வேறு எந்தத் தொந்தரவும் இல்லை. பயப்பட வேண்டுமா?

அடுத்த ஊசியைப் போடாதீர்கள், மருத்துவரைப் பாருங்கள். ரத்தத்தில் சிவப்பணு எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்பதுதான் இந்த எண். டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும். தோலில் பூசும் ஜெல்லைவிட ஊசியில் இது அதிகம், உச்சம் உயர உயரக் கூடும். 54ஐத் தாண்டினால் நிறுத்துவதுதான் விதி. ரத்தம் கெட்டியாகி உறையும் அபாயத்தை வைத்து அந்தக் கோடு போட்டிருக்கிறார்கள். தொந்தரவு தெரியவில்லை என்பது இதில் ஆறுதல் இல்லை.

கூடவே தேட வேண்டியவை: இரவில் குறட்டையும் மூச்சு நின்று நின்று வருவதும் உண்டா, புகைப்பழக்கம் உண்டா, ரத்தம் எடுத்த நாளில் தண்ணீர் குடிக்காமல் இருந்தீர்களா. 50க்குக் கீழே இறங்கியதும் குறைந்த டோஸில், குறுகிய இடைவெளியில், அல்லது ஜெல்லுக்கு மாறி ஆரம்பிக்கலாம். மாதாமாதம் உடம்பிலிருந்து ரத்தத்தை வெளியேற்றிவிட்டு அதே டோஸைத் தொடர்வது சிலரின் வழி. எனக்கு அதில் உடன்பாடில்லை. இரும்புச்சத்து தீர்ந்து புதிதாக ஓர் அசதி வந்து சேரும், மூல காரணமான டோஸ் அப்படியே இருக்கும்.

ஆரம்பத்தில் ஒருமுறை, 3 முதல் 6 மாதத்தில் ஒருமுறை, பிறகு வருடம் ஒருமுறை இந்த டெஸ்ட் கட்டாயம். ஆரம்பத்திலேயே 50ஐத் தாண்டியிருந்தால் ஊசியே தொடங்கக் கூடாது.

கேள்வி: வயது 58. புராஸ்டேட் புற்றுநோய் வருமா? வழுக்கைக்காக ஃபினாஸ்டிரைடு எடுக்கிறேன்.

புதிதாகப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று இதுவரையான ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் ஏற்கெனவே இருக்கும் புராஸ்டேட் புற்றுக்கோ ஆண் மார்பகப் புற்றுக்கோ இது ஆகாது. எனவே புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனையான பி.எஸ்.ஏ. பார்த்துவிட்டுத்தான் தொடக்கம். 4க்கு மேல் இருந்தால், குடும்பத்தில் அந்நோய் உள்ளவர்களுக்கு 3க்கு மேல் இருந்தால், முதலில் சிறுநீர்ப்பாதை மருத்துவர் (யூராலஜிஸ்ட்). தொடங்கிய முதல் வருடத்தில் 1.4க்கு மேல் ஏறினாலும் அங்கேதான்.

நீங்கள் ஃபினாஸ்டிரைடைச் சொன்னது நல்லதாயிற்று. அது பி.எஸ்.ஏ.வைப் பாதியாகக் குறைத்துக் காட்டும். ரிப்போர்ட்டில் 2.5 என்றால் 5 என்று கணக்கிட வேண்டும். இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லாததால் 'நார்மல்' என்று கடந்துபோகும் ரிப்போர்ட்டுகள் உண்டு.

கேள்வி: மாரடைப்பு வரும் என்கிறார்களே?

இதய நோய் உள்ள, அல்லது வரும் அபாயம் அதிகமுள்ள, 45 முதல் 80 வயதான 5,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த டிராவர்ஸ் ஆய்வு 2023இல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோயால் மரணம் மூன்றும் சேர்ந்து டெஸ்டோஸ்டிரோன் பிரிவில் 7.0 சதவீதம், போலி மருந்துப் பிரிவில் 7.3 சதவீதம். அதாவது கூடவில்லை. ஆனால் ஒழுங்கற்ற இதயத்துடிப்பு, நுரையீரலில் ரத்தக்கட்டி, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை கொஞ்சம் கூடுதலாக இருந்தன. இன்னொன்று, அந்த ஆய்வில் கொடுத்தது ஜெல், ஊசி அல்ல. ஊசியின் ஏற்ற இறக்கத்துக்கு அந்த முடிவை அப்படியே பொருத்திவிட முடியாது.

கடந்த 6 மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், கட்டுப்படாத இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், ரத்தம் உறையும் கோளாறு உள்ளவர்கள் தொடங்கக் கூடாது. மற்றவர்கள் ரத்த அழுத்தத்தை வீட்டிலேயே பார்த்துவாருங்கள், ஊசியால் அது ஏறலாம்.

கேள்வி: சர்க்கரைக்கு மருந்தும், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினும் எடுக்கிறேன். ஊசி போடலாமா?

வார்ஃபரினின் வீரியம் கூடும், ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். டெஸ்டை அடிக்கடி பாருங்கள். சர்க்கரை தாழ்ந்துபோகலாம், இன்சுலின் அளவை மாற்ற வேண்டிவரும்.

கேள்வி: என் அளவு 520. ஜிம்மில் ஒருவர் வாரம் ஒன்று போட்டால் உடம்பு ஏறும் என்கிறார்.

520 குறைபாடு அல்ல. போட்டால் உங்கள் சொந்த உற்பத்தி நிற்கும், மேலே சொன்ன அபாயங்கள் எல்லாம் வரும், ஈடாகத் தீர வேண்டிய நோய் எதுவும் உங்களிடம் இல்லை. கைமாறி வரும் குப்பியில் என்ன மருந்து, எவ்வளவு, கிருமி நீக்கியதா என்பது விற்பவருக்கே தெரியாது.

கேள்வி: ஆறு மாதமாகப் போடுகிறேன். பெரிய மாற்றம் இல்லை. திடீரென்று நிறுத்தலாமா?

எது மாறவில்லை என்று பிரித்துப் பாருங்கள். நாட்டம் 3 முதல் 6 வாரத்தில் மாறத் தொடங்கும். விறைப்புக்கு 6 மாதம் வரை ஆகலாம். தசையும் கொழுப்பும் 3, 4 மாதத்தில் நகரும், எலும்புக்கு வருடக்கணக்கு. ரத்த அளவு நடுத்தரத்துக்கு வந்தும் 6 மாதத்தில் நாட்டம்கூட மாறவில்லை என்றால் உங்கள் தொந்தரவுக்குக் காரணம் வேறு. தொடர்வதில் பயனில்லை.

நிறுத்துவதால் உயிராபத்து இல்லை. ஆனால் பிட்யூட்டரி மறுபடி விழிக்க வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். அதுவரை தொடங்குவதற்கு முன் இருந்ததைவிடச் சோர்வாகவே இருக்கும். அதைப் பார்த்து 'ஊசி இல்லாமல் முடியாது' என்று மறுபடி போட்டுக்கொள்பவர்கள் பலர். கடைசி ஊசிக்குப் பின் 3 மாதம் கழித்து, காலையில், எல்.எச். சேர்த்துப் பாருங்கள். கடைசியாகப் போட்டது அண்டெக்கனோயேட் என்றால் இன்னும் 3 மாதம் கூட்டிக்கொள்ளுங்கள்.