துணி போர்த்திய மேசை

வணக்கம் ஐயா,

உங்கள் மேசையில் நிற்கும் மினியேச்சர் சிப்பாய்களைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதியதை வாசித்தேன். மட்டக்களப்பில் இந்தப் பைத்தியம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இலண்டனில் இருக்கும் சித்தப்பா இரண்டு பெட்டிகள் அனுப்பியிருந்தார். ஒன்று வார்ஹாமர் 40,000 என்ற கற்பனை எதிர்காலப் போர் விளையாட்டின் வீரர்கள். மற்றது இரண்டாம் உலகப் போர்க் காலாட்படை. வேலை முடிந்து வந்து, இரவில் ஒவ்வொருவராக நிறம் தீட்டுகிறேன்.

படம் எடுத்தால் துப்பாக்கி முனை தெளிவாக இருக்கிறது, முகம் மங்கிவிடுகிறது. மார்கழி மழைக்குள் வார்னிஷ் ஸ்பிரே அடித்தேன். பன்னிரண்டு பேரும் மாப் பூசியதுபோல வெளுத்துவிட்டார்கள். இவை இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உலகப் போர்ச் சிப்பாய்கள் மேசைக்கு வந்த நாளில் இருந்து, அம்மா அந்த அறைக்குள் வந்தால் முதலில் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து அவர்கள் மேல் போர்த்துகிறார். ஒன்றும் சொல்வதில்லை. அம்மாவின் தம்பி 1990இல் வீட்டை விட்டுப் போனவர். இன்னும் வரவில்லை. நான் செய்வது பிழையா?

– களுவாஞ்சிகுடியில் இருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். மற்ற இரண்டும் கைவேலை, பழகினால் வந்துவிடும்.

நீங்கள் செய்வது பிழை என்று சொல்லமாட்டேன். அம்மா வீணாக அஞ்சுகிறார் என்றும் சொல்லமாட்டேன். உங்கள் படத்தில் முன்வரிசையில் ஒருவன் மண்டியிட்டுக் குறிபார்க்கிறான். எழுந்து நின்றாலும் உயரம் 28 மில்லிமீற்றர்தான். ஆனால் அந்த முழங்காலும், தோளில் அழுந்திய அந்தத் துப்பாக்கியும் அம்மாவுக்குத் தெரிந்தவை. அவர் அவற்றை முழு ஆளாக, வீதித் தடையில் கண்டிருப்பார். அளவு சிறிதானதால் அது அவருக்குச் சிறிதாகிவிடவில்லை. அந்தத் துணியை நீங்களாக எடுக்காதீர்கள்.

இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றிலும் இரண்டு முகமும் உண்டு. 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்யப் படை அதிகாரி வரைபடத்தின் மேல் கட்டைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டைத் தன் மேலதிகாரிகளுக்கு ஆடிக் காட்டினார். அது நிஜப் போருக்கான பயிற்சியாகவே வளர்ந்தது. 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், ஈயச் சிப்பாய்களை வைத்துத் தரையில் விளையாடும் விதிகளைப் புத்தகமாக்கினார். இந்தச் சிறு போரைப் பார்த்தபின் பெரிய போர் எவ்வளவு மூடத்தனமானது என்று தெரிகிறது என்பதே அவர் அதில் சொன்ன செய்தி. அடுத்த ஆண்டே முதலாம் உலகப் போர் தொடங்கியது. ஒரே விளையாட்டு, ஒருவருக்குப் போருக்கான ஒத்திகை, மற்றவருக்குப் போரின் மேல் வெறுப்பு. எது நம் மேசையில் இருக்கிறது என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

நான் தீர்மானித்தது இதுதான்: எந்தப் போரின் தாய்மாரை நான் நேரில் கண்டேனோ, அந்தப் போருக்கு அருகில் வரும் எதையும் தீட்டுவதில்லை. ஆகவே என் மேசையில் இருபதாம் நூற்றாண்டே கிடையாது. போரைக் கதையின் தூரத்தில் வைத்துப் பார்ப்பது நமக்குப் புதிதும் அல்ல. பாண்டிருப்பில் திரௌபதி அம்மன் சடங்கில் பாரதக் கதை நாள் கணக்கில் ஊரின் நடுவே நடக்கிறது. வனவாசமும் அருச்சுனன் தவமும் கடந்து தீமிதிப்பில் போய் முடிகிறது. வடமோடிக் கூத்தில் கரப்புடுப்புப் போட்ட வீரர்கள் விடியவிடியப் போர் ஆடுகிறார்கள். கூத்தில் விழுபவனைப் பார்த்து அழும் தாய்மார் நம் ஊரில் இருக்கிறார்கள். அழுதுவிட்டு, விடிந்ததும் அவனுக்கே தேநீர் ஊற்றிக் கொடுக்கிறார்கள்.

உலகப் போர்ப் பெட்டியை எறிய வேண்டாம். சித்தப்பா அன்போடு அனுப்பியது. மூடி அலுமாரிக்குள் வையுங்கள். வார்ஹாமர் வீரர்கள் வேற்று உலகத்துக் கவசக்காரர்கள், அவர்கள் நிற்கட்டும். பிறகு 1638க்கு வாருங்கள்.

புளியந்தீவில் தினமும் நாம் கடந்து போகும் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள். பத்தே ஆண்டுகள். 1638 மார்ச்சில் கண்டிக்கு அருகே கண்ணொறுவையில் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கன் அவர்களுடைய படையை அழித்தான். மே 18இல் வெஸ்டர்வோல்ட் தலைமையில் வந்த ஒல்லாந்தரும் அரசனின் படையும் சேர்ந்து நம் கோட்டையைப் பிடித்தார்கள். இலங்கையில் ஒல்லாந்தர் பிடித்த முதல் போர்த்துக்கேயக் கோட்டை இதுதான். ஐந்து நாளில், இதே மட்டக்களப்பில், ஒப்பந்தமும் எழுதினார்கள். இவ்வளவு நடந்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு ஏன் இரண்டாம் உலகப் போரின் நோர்மண்டிக் கடற்கரையைத் தீட்ட வேண்டும்?

ஐரோப்பிய முப்பதாண்டுப் போர்ச் சிப்பாய்களாக விற்கப்படும் உருவங்கள் இதே காலத்தவை. திரித் துப்பாக்கியும் அகன்ற தொப்பியுமாக இருப்பார்கள். ஒல்லாந்தருக்கும் போர்த்துக்கேயருக்கும் அப்படியே பொருந்தும். அந்நாளில் பெரும்பாலும் சீருடை கிடையாது. பத்துப் பேருக்குப் பத்து விதமாகச் சாயம் போன துணி தீட்டலாம். அது பெரிய இன்பம். ஐரோப்பியர் படையில் சேர்ந்து போரிட்ட நம் நாட்டவரான லஸ்கரின் வீரர்களைத்தான் நீங்களே உருவாக்க வேண்டியிருக்கும். வெறுங்காலோடு நிற்கும் இந்தியப் படைவீரர் உருவம் ஒன்றை எடுத்து, ஹாட்வெயார் கடையில் கிடைக்கும் இரண்டு கூட்டு எபொக்சிப் பசையால் இடுப்புத் துணியை வனைந்துவிடலாம்.

அவர்களுடைய தோல் நிறத்தில்தான் நான் அதிக நாள் செலவழித்தேன். நிறப் போத்தல்களில் தோலின் நிறம் என்று ஒட்டி வருவது பெரும்பாலும் வெளிறிய இளஞ்சிவப்பு. அதை நம்மவன் முகத்தில் பூசாதீர்கள். அடர்ந்த கபில நிறத்தில் தொடங்கி, அதில் ஒரு துளி செங்கல் சிவப்பு விடுங்கள். நெற்றி, மூக்குத் தண்டு, கன்ன எலும்பு, தோள்மூட்டு ஆகிய மேடுகளுக்கு வெளிச்சம் ஏற்றும்போது வெள்ளையைக் கலக்கவே கூடாது. கலந்தால் தோல் சாம்பல் பூத்துவிடும். காவியும் கொஞ்சம் செம்மஞ்சளும் சேர்த்து ஏற்றுங்கள். கடைசியில் தோளிலும் மூக்கு நுனியிலும் மட்டும் ஊசிமுனை அளவு வெளிறிய புள்ளி. அது எங்கே விழ வேண்டும் என்று அறிய, கல்லடிக் கடற்கரையில் ஒரு காலை நின்று, கரைவலை இழுப்பவர்களின் தோளில் வெயில் தெறிப்பதைப் பாருங்கள்.

கண்ணை முகத்துக்கு முன்பே தீட்டிவிடுங்கள். தலையே ஏறக்குறைய நாலு மில்லிமீற்றர்தான். கண்ணில் தவறிய ஓரங்களைப் பிறகு தோல் நிறத்தால் மூடிக்கொள்ளலாம். இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று அழுத்தி மேசை விளிம்பில் ஊன்றினால் நடுக்கம் நின்றுவிடும். மிகச் சிறிய தூரிகை வாங்க வேண்டாம். அதில் நிறம் கண்ணுக்குப் போகுமுன் காய்ந்துவிடுகிறது, கச்சான் காற்றுக் காலத்தில் சொல்லவே வேண்டாம். நுனி கூரான 1ஆம் இலக்கம் போதும். ஒரு தட்டில் ஈரப் பஞ்சு வைத்து, அதன் மேல் பேக்கிங் தாளை விரித்து, அதில் நிறம் கலந்தால் மணிக்கணக்கில் ஈரம் நிற்கும்.

முதல் லஸ்கரினை முடித்தபோது என் மனைவி கையில் எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவர் வேலை செய்கிற மனிதர் அல்லவா? துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு எப்படிச் சேற்றில் நடப்பார்? மடித்துச் சொருகியிருக்க வேண்டாமா?" என்று கேட்டார். வயலுக்குப் போகும் தன் தகப்பனாரை நினைத்துச் சொன்னார். அன்றிரவே பசையைச் சுரண்டி எடுத்து, துணியை முழங்காலுக்கு மேல் மடித்து, சொருகிய இடத்தை ஊசியால் கீறினேன். என் படையில் எனக்கு மிகப் பிடித்தவர் அவர்தான்.

இனி வார்னிஷ். அது காயும் நேரத்தில் காற்றின் ஈரத்தையும் தனக்குள் பிடித்துக்கொள்கிறது. அந்த வெண்மை அதனால் வருவது. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறோம், ஐப்பசி முதல் தை வரை ஸ்பிரேயைத் தொடாதீர்கள். நிறத்துக்கு முன் அடிப்பூச்சாகப் பூசும் பிரைமரையும் அந்த மாதங்களில் தூரிகையால் பூசுங்கள். வெளுத்த பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும் பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் மெல்லப் பூசிப் பாருங்கள். பெரும்பாலும் வெண்மை மறைந்து நிறம் திரும்பிவிடும். திரும்பினால் மற்றவர்களுக்கும் செய்யலாம்.

படத்துக்கு வருகிறேன். நீங்கள் மிக அருகில் போகிறீர்கள். கமரா கிட்டப் போகப் போகத் தெளிவாக விழும் ஆழம் சுருங்குகிறது; ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்குள் துப்பாக்கி முனை மட்டும் அகப்படுகிறது. கைத்தொலைபேசியை ஒரு முழம் பின்னால் கொண்டுபோய் எடுத்து, பிறகு வேண்டிய அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள். நல்ல கமரா கையில் இருந்தால் லென்ஸின் துளையை எஃப் 11 அளவுக்குச் சுருக்கலாம். துளையை அதைவிட மிகச் சிறிதாக்கினால் படம் மீண்டும் மங்கிவிடும். போனைப் புத்தகங்களில் சாய்த்து, இரண்டு விநாடி டைமர் வைத்து, திரையில் முகத்தைத் தொட்டுக் குவியுங்கள். கமரா அவன் கண் உயரத்தில் இருக்க வேண்டும். மேலே இருந்து எடுத்தால் பொம்மையாகிவிடுவான். பின்னால் சாம்பல் நிறப் பிரிஸ்டல் போர்ட் ஒன்றை வளைத்து வையுங்கள். ரியூப் லைட்டை அணைத்துவிட்டு யன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள், இரண்டும் கலந்தால் தோல் நிறம் கெட்டுவிடும். வெயில் நேரே விழுந்தால் நிழல் கறுக்கும். யன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டி வெளிச்சத்தை மட்டுப்படுத்த வேண்டும்.

அதற்குத் துணியை அம்மாவிடம் கேட்டு வாங்குங்கள்.