பையனின் பள்ளியை மாற்றலாமா?

தம்பி, டொராண்டோ வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, பத்தாம் வகுப்பு படிக்கும் மகன் தான் ‘கே’ (தன்பாலீர்ப்பு உள்ளவன்) என்று சொல்லிவிட்டான், பள்ளியில் ஏதோ ஜிஎஸ்ஏ (கே மாணவர்களும் அவர்களுக்குத் துணை நிற்கும் மற்ற மாணவர்களும் சேரும்) கிளப்புக்கும் போகிறான் என்று எழுதியிருந்தீர்கள். கத்தோலிக்கப் பள்ளிக்கு மாற்றலாமா, இல்லை லீவில் சென்னைக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

சென்னை யோசனையை முதலில் விடுங்கள். தன்பாலீர்ப்பு நோயே இல்லை. ‘மாற்றும்’ சிகிச்சை கனடாவில் 2022 ஜனவரியிலிருந்து குற்றம். அதற்காகப் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கூட்டிப்போனாலும் ஐந்து வருடம் வரை சிறை. அங்கேயும் 2021இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இதற்குத் தடை போட்டுவிட்டார். தனக்கு இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை என்று சொல்லி, உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டவர் அவர். நீதிபதியே கேட்டுப் படித்தார், நமக்கென்ன கூச்சம்?

பள்ளி மாற்றுவதிலும் பயனில்லை. மாணவர்கள் ஜிஎஸ்ஏ தொடங்க விரும்பினால் மறுக்க முடியாது என்று ஒன்டாரியோவில் 2012இல் சட்டம் வந்தது. அரசுப் பணத்தில் நடக்கும் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் அது பொருந்தும்.

அந்தக் கிளப்பில் என்னதான் நடக்கிறது என்று பயப்படுகிறீர்கள். என் மனைவி ஒரு ஹைஸ்கூலில் வேலை பார்க்கிறாள். அவள் பார்த்தவரை மதிய இடைவேளையில் ஓர் ஆசிரியர் மேற்பார்வையில் பேச்சு, விளையாட்டு, எப்போதாவது பீட்சா. கே அல்லாத பிள்ளைகளும் வருவார்கள். புது நாடு, புது வகுப்பு, தனியாகச் சாப்பாடு என்று இருந்தவனுக்கு உட்கார ஒரு மேசை கிடைத்திருக்கிறது. அதைப் பிடுங்காதீர்கள். பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் கிளப் மூன்று வருடத்துக்கு மேல் நடந்த பள்ளிகளில் தற்கொலை எண்ணம் குறைவாக இருந்தது. கே அல்லாத பையன்களிடமும்கூட.

ஆனால் பள்ளி பாதிதான். வீட்டில் ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் தற்கொலைக்கு முயல்வது பல மடங்கு அதிகம் என்று அமெரிக்க ஆய்வுகள் சொல்கின்றன. உங்களிடம் அவனே வந்து சொல்லியிருக்கிறான் என்றால் உங்களை நம்புகிறான். இரண்டு நாளாகப் பேசவில்லை என்கிறீர்களே, இன்றைக்கே போய்ப் பேசுங்கள். ‘சாப்பிட்டியா’ என்று ஆரம்பித்தாலும் போதும். அவன் சம்மதம் இல்லாமல் ஊரில் இருக்கும் அக்காவுக்குக்கூடச் சொல்ல வேண்டாம்.

உங்களுக்கே மனசு தாங்கவில்லை என்றால் கே பிள்ளைகளின் குடும்பங்களுக்குத் துணை நிற்கும் டொராண்டோ பிஃப்ளாக் அமைப்பில் இதே நிலையில் இருக்கும் பெற்றோர் பேசுவார்கள். அவனுக்கு, பிள்ளைகள் மனம்விட்டுப் பேசும் உதவி எண்ணான கிட்ஸ் ஹெல்ப் ஃபோன் இருக்கிறது, 24 மணி நேரமும்; 686868க்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். அந்த எண்ணைச் சும்மா ஃப்ரிட்ஜில் ஒட்டி வையுங்கள்.