பிராசியோலே (பூரணம் வைத்துச் சுருட்டி, தக்காளி சாஸில் வேகவைக்கும் மாட்டுக்கறி) செய்தால் கறி ரப்பராகிறது, பூரணம் சாஸில் கொட்டிவிடுகிறது. எங்கே தவறு?

முக்கால் மணி நேரத்தில் இறக்கியிருப்பீர்கள். மெல்லிய துண்டுதானே, சீக்கிரம் வெந்துவிடும் என்ற கணக்கு இதில் செல்லாது. டாப் ரவுண்ட் மாட்டுத் தொடைக்கறியில் கொழுப்பு மிகக் குறைவு. சூடு ஏறியதும் முதலில் இறுகும். அதிலுள்ள சவ்வு கரைந்து இளக இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் சாறு வெளியேறிக் கறி வறண்டுவிடும், அடியும் பிடிக்கும். மூடியைச் சற்றே திறந்து வைத்து, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி வரும் அளவுக்குத் தீ இருந்தால் போதும்.

அதைவிட முக்கியம், நார் ஓடும் திசை. பல குறிப்புகளில் இது இருப்பதே இல்லை. துண்டைப் பலகையில் விரித்துப் பார்த்தால் கோடு கோடாகத் தெரியும். அந்தக் கோடுகள் சுருளின் நீளவாக்கில் அமையும்படி சுருட்டுங்கள். அப்போதுதான் சாப்பிடும்போது குறுக்கே வெட்டினால் நார் அறுபடும். மாற்றிச் சுருட்டினால் எவ்வளவு வெந்தாலும் இழுவையாகத்தான் இருக்கும்.

700 கிராம் கறியை 8 துண்டாக்கி, 6 மில்லிமீட்டர் கனத்துக்குத் தட்டுங்கள். பூரணத்துக்கு பிரெட் தூள் 1 கப், துருவிய பெக்கோரினோ ரோமானோ சீஸ் அரை கப், பூண்டு 3 பல், ஒரு கைப்பிடி பார்ஸ்லி, பைன் கொட்டையும் உலர் திராட்சையும் 2 மேசைக்கரண்டி வீதம், பிசிற ஆலிவ் எண்ணெய். சீஸிலேயே உப்பு உண்டு, பார்த்துப் போடுங்கள். பிரெட் தூள் சாற்றை இழுத்து ஊதும். அதனால் மெல்லப் பரப்பி, நாலு ஓரத்திலும் ஒன்றரை சென்டிமீட்டர் காலியாக விட்டு, பக்கங்களை மடித்துச் சுருட்டி நூலால் கட்டுங்கள்.

ப்ரொவலோன் சீஸ் இல்லாமல் பிராசியோலேயா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக வையுங்கள், ஆனால் இரண்டு மணி நேரத்தில் அதில் பெரும்பகுதி உருகிச் சாஸுக்குப் போய்விடும். திராட்சையே கூடாது என்பவர்களும் உண்டு. நேப்பிள்ஸ், சிசிலி, பூலியா என்று தெற்கு இத்தாலியின் பல ஊர்களிலிருந்து அமெரிக்கா போனவர்களின் சமையல் இது. வீட்டுக்கு வீடு மாறும்.

எல்லாப் பக்கமும் நன்றாகச் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே பாத்திரத்தில் வெங்காயம், 2 மேசைக்கரண்டி தக்காளி பேஸ்ட், அரை கப் சிவப்பு ஒயின். அடியில் ஒட்டியதைச் சுரண்டிவிட்டு, 794 கிராம் தக்காளி டின் இரண்டைக் கையால் நசுக்கி ஊற்றிச் சுருள்களைத் திரும்ப இறக்குங்கள். டின் வாங்கும்போது கவனம்: 'சான் மார்சானோ வகை' (பெயர்பெற்ற இத்தாலியத் தக்காளி) என்று கொட்டை எழுத்தில் போட்டு, எங்கோ விளைந்த தக்காளியை அதிக விலைக்கு விற்கிறார்கள். விளைந்த இடத்துக்கு உத்தரவாதமான டி.ஓ.பி. முத்திரை இல்லையென்றால் அந்தப் பெயருக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

வெந்ததும் கால் மணி நேரம் சாஸிலேயே ஆறட்டும். முதலில் சாஸை ரிகட்டோனி பாஸ்தாவில் கலந்து பரிமாறி, கறியை அடுத்த தட்டில் வையுங்கள். அதற்கு முன் கட்டிய நூல் அத்தனையும் வெளியே வந்துவிட்டதா என்று எண்ணிப் பாருங்கள்.