முதலில் அந்தப் பழைய நீதிமன்றத்துக்குப் போய் வாருங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

செயின்ட் லூயிஸ் வந்து மூன்று மாதம் ஆகிறது, ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகன் அமெரிக்க வரலாற்றுப் பாடத்தில் திணறுகிறான், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். "கணக்கும் அறிவியலும் நன்றாக வந்தால் போதாதா அக்கா, இவர்கள் வரலாறு நமக்கு எதற்கு?" என்றும் எழுதியிருக்கிறீர்கள். போதாது தம்பி. கடைசி வரியில், வைகாசியில் இன்னொரு குழந்தை பிறக்கப்போகிறது என்றீர்களே, அந்தக் குழந்தை எந்த நாட்டுக் குடிமகன் என்ற கேள்விக்கே பதில் இந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

என் மகள் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது நான் செய்த தவறைச் சொல்கிறேன். நம் ஊரில் நான் படித்த முறையிலேயே ஆண்டுகளை எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன்: 1776 விடுதலைப் பிரகடனம், 1787 அரசியலமைப்பு, 1803 லூசியானா, 1861 உள்நாட்டுப் போர். அவளும் ஒப்பித்தாள், மதிப்பெண்ணும் வாங்கினாள். ஓர் இரவு நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது, "அம்மா, அப்போது நாம் இங்கே இருந்திருந்தால் நம்மை எந்தப் பக்கம் சேர்த்திருப்பார்கள்?" என்று கேட்டாள். தோசையைத் திருப்பிப் போட மறந்து நின்றேன்.

அந்தச் சனிக்கிழமை அவளைப் பழைய நீதிமன்றத்துக்கு அழைத்துப் போனேன். ஆற்றங்கரையில் 630 அடி உயரத்தில் நிற்கிறதே எஃகு வளைவு, அதற்கு நேர் எதிரே இருக்கும் குவிமாடக் கட்டடம்தான் அது. வெளியே ட்ரெட் ஸ்காட்டும் அவர் மனைவி ஹாரியட்டும் சிலையாக நிற்கிறார்கள். நான் இருபது புத்தகம் படித்திருந்தாலும் அந்த இருவரின் வழக்கு கற்றுத் தந்த அளவுக்குக் கற்றிருக்க மாட்டேன்.

ட்ரெட் ஸ்காட் அடிமையாகப் பிறந்தவர். அவரை விலைக்கு வாங்கியிருந்த ராணுவ மருத்துவர், அடிமைமுறை தடை செய்யப்பட்ட இல்லினாய் மாநிலத்துக்கும், பிறகு இன்று மினசோட்டாவாக இருக்கும் பகுதியிலிருந்த ஸ்னெல்லிங் கோட்டைக்கும் அவரைக் கொண்டுபோனார். விடுதலை மண்ணில் வாழ்ந்தவருக்கு விடுதலை உண்டு என்று, செயின்ட் லூயிஸ் இருக்கும் இந்த மிசௌரி மாநில நீதிமன்றங்களே அதுவரை தீர்ப்பளித்து வந்தன. அதை நம்பி 1846இல் கணவனும் மனைவியும் வழக்குத் தொடுத்தார்கள். 1847இல் சாட்சியத்தில் இருந்த ஓர் ஓட்டையால் தோற்றார்கள். 1850இல் இதே நீதிமன்றத்தில் நடுவர் குழு அவர்களுக்கு விடுதலை என்றது. இரண்டே ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றம் அதைப் பறித்தது. பதினோரு ஆண்டு அலைந்து, 1857இல் வாஷிங்டனில் நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வந்த தீர்ப்பு என்ன தெரியுமா? கறுப்பினத்தவர், அவர் அடிமையோ சுதந்திரரோ, இந்நாட்டின் குடிமகனாகவே முடியாது. ஆகவே வழக்குப் போடும் உரிமையே அவருக்கு இல்லை. ஒன்பது நீதிபதிகளில் ஏழு பேர் அந்தப் பக்கம். தலைமை நீதிபதி டானி எழுதிய அந்தத் தீர்ப்பை இன்று படித்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

இந்த வழக்கைப் பிடித்துக்கொண்டால் சுவரில் ஒட்டிய ஆண்டுகள் எல்லாம் தாமாகவே அதனுடன் வந்து சேரும். மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776இல் எழுதிய ஜெஃபர்சன், தம் வாழ்நாளில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்களை அடிமைகளாக வைத்திருந்தவர். 1787 அரசியலமைப்பு, மக்களவை இடங்களைக் கணக்கிட ஐந்து அடிமைகளை மூன்று ஆட்களாக எண்ணியது. 1803இல் பிரான்சிடம் ஒன்றரைக் கோடி டாலருக்கு லூசியானாவை வாங்கி நாடு இருமடங்கானதும், புதிய நிலத்தில் அடிமைமுறை உண்டா இல்லையா என்ற சண்டை மூண்டது. மேற்கு நோக்கிய பயணமும் உள்நாட்டுப் போரும் பாடநூலில் இரு வேறு அத்தியாயங்கள். உண்மையில் ஒன்றின் வயிற்றில் பிறந்தது மற்றொன்று. 1820 உடன்பாடு இந்த மிசௌரியை அடிமை மாநிலமாக ஏற்று, அதன் தென் எல்லைக் கோட்டுக்கு வடக்கே இருந்த மற்ற லூசியானா நிலத்தில் அடிமைமுறையைத் தடுத்தது. அந்தத் தடையும் செல்லாது என்று 1857 தீர்ப்பு சொன்னது. நான்கே ஆண்டில், அடிமைமுறையை விடாத தென் மாநிலங்களுக்கும் வடக்குக்கும் உள்நாட்டுப் போர். ஆறு லட்சத்துக்கும் மேல் உயிர்கள். (நீங்கள் கோவில்பட்டிக்காரர் என்பதால் ஒன்று சொல்கிறேன்: அமெரிக்கத் தெற்கிலிருந்து பஞ்சு வருவது நின்றபோது இங்கிலாந்தின் லங்காஷையர் நூற்பாலைகள் இந்தியாவின் பக்கம் திரும்பின. நம் கரிசல் பருத்திக்கும் விலை ஏறியது.)

இனி உங்கள் குழந்தைக்கு வருகிறேன். போருக்குப் பின் 1868இல் வந்த அரசியலமைப்பின் பதினான்காம் திருத்தம், டானியின் தீர்ப்பை அடியோடு சாய்த்து, இம்மண்ணில் பிறந்து இதன் சட்டத்துக்கு உட்பட்டவர் குடிமகன் என்று எழுதியது. சான் பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க், தாம் அமெரிக்கக் குடிமகனே என்ற வழக்கில் 1898இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றது இந்த வரியால்தான். 2025 ஜனவரியில், தற்காலிக விசாவில் இருக்கும் பெற்றோரின் குழந்தைகளுக்கு இது பொருந்தாது என்று ஓர் அதிபர் ஆணை வந்து, உடனே வழக்குகளும் தொடங்கின. நீங்கள் வேலை விசாவில் இருப்பதால், பிரசவத்துக்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் இன்றைய நிலையைக் கேட்டுவிடுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

என் மகளின் கேள்விக்கும் பதில் கிடைத்தது. 1790இன் முதல் குடியுரிமைச் சட்டம் சுதந்திரமான வெள்ளையர்களுக்கு மட்டுமே கதவைத் திறந்தது. அதன் வழிவந்த சட்டத்தைக் காட்டித்தான் 1923இல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியருக்குக் குடியுரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியர்களுக்கு அது மாறியது 1946இல். "நம்மைக் கதவுக்கு வெளியே நிறுத்தியிருப்பார்கள்" என்று அவளிடம் சொன்னேன்.

பூர்வகுடிகளின் கதையையும் விட்டுவிடாதீர்கள். பாடநூல்கள் அதை அவசரமாகத் தாண்டிவிடுகின்றன. ஆற்றுக்கு அக்கரையில் கஹோகியா மேடுகள் இருக்கின்றன, ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அங்கே ஒரு பெருநகரம் இருந்தது. தெற்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் கேப் ஜிரார்டோ அருகே, 1838 குளிர்காலத்தில் தம் நிலத்திலிருந்து விரட்டப்பட்ட செரோக்கி மக்கள் மிசிசிப்பியைக் கடந்த இடம் மாநிலப் பூங்காவாக இருக்கிறது. அந்தப் பயணத்தில் சுமார் நான்காயிரம் பேர் இறந்தார்கள். வெயில் காலம் வந்ததும் மகனை அழைத்துப் போங்கள்.

ஆனால் முதலில் பழைய நீதிமன்றம். அனுமதிக் கட்டணம் இல்லை. அங்கிருந்து நகரின் வடக்கே கால்வரி கல்லறைக்குப் போங்கள். வழக்கில் தோற்றாலும் 1857 மே மாதம் உரிமையாளரால் ஒருவழியாக விடுவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டே காசநோயால் இறந்த ட்ரெட் ஸ்காட் அங்கேதான் உறங்குகிறார். அவருடைய கல்லின்மேல் வருகிறவர்கள் ஒரு சென்ட் நாணயம் வைத்துவிட்டுப் போவது வழக்கம். மகன் கையிலும் ஒன்று கொடுங்கள். வைப்பதற்கு முன், நாணயத்தில் இருக்கும் முகம் யாருடையது, அதை ஏன் இங்கே வைக்கிறார்கள் என்று கேளுங்கள். அவன் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா