கல்யாணத்துக்கு மட்டும்தானா கில்ட்? கேள்வி பதில்

எடின்பரோவில் குடியிருக்கிறேன். ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும், பின்பக்கம் கொசுவம் வைத்துத் தைத்த கட்டம்போட்ட கில்ட்டை வேலைக்கும் கடைக்கும் உடுத்திப் போகிறவன். அதனாலேயே தெரிந்தவர்கள் அடிக்கடி ஏதாவது கேட்பார்கள். இந்த முறை வந்த கேள்விகளுக்குச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கிளாஸ்கோவில் படிக்கும் மாணவர்: அண்ணா, நான் இங்கே வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. தெருவில் யாரும் கில்ட் உடுத்தி நடந்து பார்க்கவில்லையே, ஏன்?

சனிக்கிழமை மதியம் ஏதாவது கல்யாண மண்டப வாசலில் நின்று பாருங்கள் தம்பி, வருகிற ஆண்களில் பலர் கில்ட்டில்தான் இருப்பார்கள். ஹாம்டன் மைதானத்தில் கால்பந்து, மரிஃபீல்டு மைதானத்தில் ரக்பி என்றாலும் அப்படித்தான். சாதாரணச் செவ்வாய்க்கிழமையில்தான் காண முடியாது.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. பதவி இழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்தை மறுபடி அரியணையில் ஏற்ற நடந்த ஜாக்கபைட் கலகத்தை அடக்கியபின் பிரிட்டிஷ் அரசு 1746-ல் ஒரு சட்டம் போட்டது. ஸ்காட்லாந்தில் ஆண்களோ சிறுவர்களோ கில்ட் உடுத்தக் கூடாது. முதல் தடவை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை, மறுபடி பிடிபட்டால் ஏழு வருடம் கடல் கடந்த காலனிகளுக்கு அனுப்பிவிடுவார்கள். பட்டாளத்துக்கு விலக்கு உண்டு. 1782-ல் சட்டத்தை எடுத்தார்கள். ஆனால் அதற்குள் ஒரு தலைமுறையே கால்சட்டையில் வளர்ந்துவிட்டது. 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய வரவேற்பில் கனவான்கள் கில்ட்டில் வந்து நின்றார்கள். மாடு மேய்த்தவன் உடுத்திய துணி, சீருடையாகவும் விழா உடுப்பாகவும்தான் திரும்பி வந்தது. இன்றைக்கும் அந்த இடத்தை விட்டு அது அதிகம் நகரவில்லை.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். கில்ட் தினசரி உடையாகாமல் தடுப்பது கில்ட் அல்ல. அதோடு கட்டாயம்போல் ஒட்டிக்கொண்டுவிட்ட வெள்ளிப் பொத்தான் கோட்டும், முன்னால் தொங்கும் முடி வைத்த தோல் பையும், காலுறையில் செருகும் சிறு கத்தியும்தான்.

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர்: அந்தக் குளிரில் முழங்கால் தெரிய எப்படி நடக்கிறீர்கள்? காற்றில் பறக்காதா?

நல்ல கில்ட் துணி கெஜத்துக்கு 13 முதல் 16 அவுன்ஸ் எடையுள்ள கம்பளி. முன்பக்கம் இரண்டு அடுக்கு, பின்பக்கம் கொசுவம் கொசுவமாய்ப் பல அடுக்கு. இடுப்பும் தொடையும் கதகதப்பாகவே இருக்கும். முழங்காலுக்குக் கீழே வரை தடித்த காலுறை. நடுவில் தெரியும் முழங்கால் மட்டும் முதலில் சில்லென்று இருக்கும், நடக்க நடக்கச் சரியாகிவிடும். 16 அவுன்ஸ் துணியைக் காற்று லேசில் தூக்காது. விலை குறைந்த மெல்லிய துணி என்றால் நிச்சயம் தூக்கும்.

உண்மையான எதிரி மழை. ஊறிய கம்பளியின் கனம் ஒருபுறம், ஈர ஓரம் முழங்காலின் பின்பக்கத்தை அறுப்பது இன்னொருபுறம். முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளில் கிடந்த ஹைலேண்ட் (ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாடு) பட்டாளத்துக்காரர்கள் பட்டது இதுதான். கொசுவத்தில் ஒட்டிய சேறு உறைந்து, நடக்கும்போது காலைக் கீறி ரத்தம் வரவைத்தது. மடிப்புகளுக்குள் பேன் குடியேறியது. 1940-ல் பிரான்சில் சண்டையிட்ட கேமரன் ஹைலேண்டர்ஸ்தான் கில்ட்டோடு போர்க்களம் போன கடைசிப் பட்டாளம் என்று சொல்வார்கள். கொட்டுகிற மழை நாளில் நானும் பேண்ட்தான் போடுகிறேன். அதில் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

டொராண்டோவிலிருந்து ஒருவர்: விலை கேட்டால் தலை சுற்றுகிறது அண்ணா. அப்படி என்ன இருக்கிறது அதில்?

எட்டு கெஜம் கம்பளி இருக்கிறது. கூடவே ஒரு தையல்காரரின் சில நாள் கைவேலை. கொசுவத்தை மடித்தபின்னும் பின்பக்கக் கட்டங்கள் முன்பக்கத்தைப் போலவே கோடு விலகாமல் வரவேண்டும். அதற்கு ஒவ்வொரு மடிப்பையும் கட்டத்தில் சரியாக எந்த இடத்தில் மடிப்பது என்று பார்த்து, இடுப்பிலிருந்து புட்டம் வரை படிப்படியாக அகலம் மாற்றி, கையால் தைக்க வேண்டும். கடையில் ஒரு கில்ட்டைத் திருப்பிப் போட்டு உள்பக்கம் பாருங்கள். தையல் நெருக்கமாக, இடுப்புக்கு விறைப்புத் துணி கொடுத்திருந்தால் அது இருபது, முப்பது வருடம் வரும், அப்பாவிடமிருந்து மகனுக்கும் போகும். இப்படித் தைப்பதற்கு 500 பவுண்டுக்கு மேல் கேட்பது நியாயம்தான். இந்தக் கைத்தொழிலே பிரிட்டனில் அழியும் ஆபத்திலுள்ள கைத்தொழில்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. எனக்கு அதுதான் பெரிய கவலை.

சுற்றுலாத் தெருவில் சில பத்துப் பவுண்டுக்குத் தொங்குவது அக்ரிலிக் என்ற செயற்கை இழைத் துணி. ஒரு மழைக்குப் பிறகு கொசுவம் நிற்காது. கைச்செலவு குறைய வேண்டும் என்றால் ஐந்து கெஜத்தில் தைப்பதையோ, ஏற்கெனவே ஒருவர் உடுத்திய பழைய கம்பளி கில்ட்டையோ பாருங்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: ஒவ்வொரு டார்டன் கட்டமும் ஒரு குலத்துக்குச் சொந்தமாமே. நாம் உடுத்தலாமா?

தாராளமாக. எல்லோருக்கும் பொதுவான டார்டன்கள் உண்டு, பிளாக் வாட்ச் அதில் ஒன்று. ஊர்களுக்கும் நிறுவனங்களுக்கும்கூட டார்டன் இருக்கிறது. 2009 முதல் அரசே ஒரு டார்டன் பதிவேடு நடத்துகிறது. இங்குள்ள சீக்கியர்கள் சிங் டார்டன் என்று ஒன்றை உருவாக்கி உடுத்துகிறார்கள். கட்டமே வேண்டாம் என்றால் ஒரே நிற ட்வீட் என்ற தடித்த கம்பளித் துணியில் தைத்துக்கொள்ளலாம். தினசரிக்கு எனக்குப் பிடித்தது அதுதான்.

பெயர் வேண்டாம் என்றவர்: உள்ளே ஒன்றும் போடக்கூடாதாமே?

போடுங்கள். 2010-ல் டார்டன் மரபைக் காக்கும் அமைப்பான ஸ்காட்டிஷ் டார்டன்ஸ் அத்தாரிட்டியின் தலைவரே, போடாமல் போவது சுகாதாரக் கேடு, சிறுபிள்ளைத்தனம் என்று சொல்லிவிட்டார்.

அபர்டீனிலிருந்து ஒரு சகோதரி: அண்ணா, என் கணவர் ஒரு விருந்துக்கு கில்ட் உடுத்திப் போனார். யாரோ ஒரு பெண் பின்னாலிருந்து தூக்கிப் பார்த்துச் சிரித்தார். இனி தொடமாட்டேன் என்கிறார்.

அவர் கோபம் முழுக்க நியாயமானது. கில்ட்டை உடுத்த நினைப்பவர்கள் பின்வாங்க இது முக்கியமான காரணம், ஆனால் யாரும் வெளியே பேசுவதில்லை. இன்வர்னஸில் ஒரு மதுக்கூடத்துப் பணியாளர்கள் இந்தத் தொல்லை தாங்காமல் வேலை நேரத்தில் கில்ட் உடுத்துவதையே விட்டார்கள், செய்தியிலும் வந்தது. ஒரு பெண்ணின் பாவாடையை ஒருவன் தூக்கினால் அதற்கு என்ன பெயரோ இதற்கும் அதே பெயர்தான். விருந்து நடத்தியவரிடம் அவர் சொல்ல வேண்டும், கூட இருந்தவர்களும் சேர்ந்து சொல்ல வேண்டும்.

சென்னையிலிருந்து ஐடி ஊழியர்: ஆபீஸில் ஒப்புக்கொள்வார்களா?

ஸ்காட்லாந்தில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. வெளியே கஷ்டம்தான். 2008-ல் அமெரிக்கத் தபால்காரர்களின் தொழிற்சங்க மாநாட்டில், கில்ட்டையும் சீருடையில் சேர்க்கலாம் என்று ஒரு தீர்மானம் வந்து தோற்றது. நாள் முழுக்க நடப்பவருக்குத் தொடை உரசாத உடை என்பதுதான் அதைக் கொண்டுவந்தவரின் வாதம், எனக்கு அது நூற்றுக்கு நூறு சரியாகப் படுகிறது. 2017 ஜூன் வெயிலில் பிரான்சின் நாந்த் நகரப் பேருந்து ஓட்டுநர்களுக்கு அரைக்கால்சட்டை மறுக்கப்பட்டதும், அவர்கள் பாவாடை அணிந்து வேலைக்கு வந்தார்கள். அதே மாதம் இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் பள்ளி மாணவர்களும் அப்படியே செய்தார்கள். வெயில் கூடக் கூட இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும்.

மதுரையிலிருந்து ஒருவர்: நம் வேட்டியை விட இதில் என்ன வசதி?

அவிழாது. வலது இடுப்பில் இரண்டு பக்கிள், இடதில் ஒன்று. மாட்டினால் இரவு வரை அப்படியே நிற்கும். ஆனால் வேட்டி மாதிரி நினைத்தபோது மடித்துக்கட்ட முடியாது. உட்காரும்போது பின்பக்கக் கொசுவத்தைக் கையால் தடவிவிட்டு உட்கார வேண்டும், இல்லாவிட்டால் எழும்போது சுருக்கம் விழுந்திருக்கும். சைக்கிளும் கொஞ்சம் சிரமம். துவைப்பதும் அரிது. தூசியைத் தட்டி, கிளிப்பில் தொங்கவிட்டால் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒட்டிக்கொள்ளும் பட்டையும் பாக்கெட்டும் வைத்து வேட்டி வந்த பிறகுதான், கட்டத் தெரியாத இளைஞர்கள் பலர் அதை எடுத்தார்கள். 2000-ல் சியாட்டிலில் தொடங்கிய யூட்டிலிகில்ட்ஸ் நிறுவனம் அதேபோல் பருத்தியில், பெரிய பாக்கெட்டோடு, மெஷினில் துவைக்கிற மாதிரி செய்தது. தச்சர்களும் தோட்டவேலைக்காரர்களும் வாங்கினார்கள். எடின்பரோவில் ஹோவி நிக்கல்ஸ்பி என்ற கில்ட் தையல்காரர் டெனிமிலும் தோலிலும் தைத்து, தானும் தினம் உடுத்துகிறார். கில்ட்டின் எதிர்காலம் இந்த வழியில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். எல்லா ஆண்களும் மாறிவிட மாட்டார்கள். அலமாரியில் நாலு பேண்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு கில்ட் தொங்கினாலே எனக்குப் போதும்.

கிளாஸ்கோ மாணவர் மறுபடியும்: சரி அண்ணா, முதலில் என்ன வாங்கட்டும்?

அடர் சாம்பல் அல்லது பச்சையில், 13 அவுன்ஸ் கம்பளியில் ஒன்று. கில்ட்டின் இடுப்புப் பகுதி தொப்புள் உயரத்தில் நிற்க வேண்டும், ஓரம் முழங்காலின் நடுவில் முடிய வேண்டும். பேண்ட் அளவைச் சொல்லி வாங்காதீர்கள், டேப் வைத்து அளந்து சொல்லுங்கள். மேலே சாதாரண ஸ்வெட்டர், கீழே பூட்ஸ். பர்ஸ், போனுக்குச் சின்னத் தோல் பை. கில்ட்டின் முன்பக்க ஓரத்தில் குத்தும் அலங்கார ஊசி வைத்தால் வெளி அடுக்கில் மட்டும் குத்துங்கள், இரண்டு அடுக்கையும் சேர்த்துக் குத்தினால் துணி கிழியும். காலுறைக் கத்தி வீட்டிலேயே இருக்கட்டும்.