நியர் ஃபிரெண்டா, குளோஸ் ஃபிரெண்டா?

கேள்வி: அலுவலக மின்னஞ்சலில் ஒருவரை 'மை நியர் ஃபிரெண்ட்' என்று எழுதினேன். 'குளோஸ்' என்று திருத்தி அனுப்பினார்கள். இரண்டுக்கும் 'பக்கத்தில்' என்றுதானே பொருள்? நியர்பை, அட்ஜசென்ட், அட்ஜாய்னிங் எல்லாம் வேறு குழப்புகின்றன.

பதில்: அவரையே தமிழில் 'அருகிலுள்ள நண்பர்' என்று எழுதியிருப்பீர்களா? 'நெருங்கிய நண்பர்' என்றுதான் எழுதியிருப்பீர்கள். நியர் என்பது அருகு, குளோஸ் என்பது நெருக்கம். பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும்.

'மூடு' என்ற பொருளில் வரும் குளோஸும் இந்தக் குளோஸும் ஒரே லத்தீன் வேரில் பிறந்தவை. இடைவெளி அடைபடும் அளவுக்கு நெருக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். (உச்சரிப்பு மட்டும் வேறு: மூடும் குளோஸில் கடைசி ஒலி அதிரும், இதில் அதிராது.) அதனால்தான் உறவு, போட்டி, கவனம் என்று வந்தால் குளோஸ் முந்திக்கொள்கிறது: குளோஸ் ஃபிரெண்ட், குளோஸ் கான்டெஸ்ட், குளோஸ் லுக். காலத்துக்கு மட்டும் 'நியர் ஃபியூச்சர்'தான். 'குளோஸ் ஃபியூச்சர்' என்று யாரும் சொல்வதில்லை.

இடத்தைச் சொல்லும்போது இரண்டும் வரும், ஆனால் இலக்கணம் மாறும். 'நியர் த ஸ்டேஷன்' போதும். குளோஸுக்கோ 'டு' வேண்டும்: 'குளோஸ் டு த ஸ்டேஷன்'. நியர்பை என்பது 'அக்கம்பக்கத்தில்' மாதிரி. 'எ நியர்பை பேங்க்' சரி, 'தேர் இஸ் எ பேங்க் நியர்பை' என்று முடிப்பதும் சரி. 'நியர்பை த ஸ்டேஷன்' என்று எழுதாதீர்கள். பலரும் வழுக்குகிற இடம் இது.

அப்புறம், வால் முளைத்தால் பொருள் ஓடிவிடும். நியர்லி என்றால் ஏறக்குறைய, குளோஸ்லி என்றால் உன்னிப்பாக. பிசைட் என்றால் பக்கத்தில், பிசைட்ஸ் என்றால் அதுபோக.

மிச்சமிருக்கும் இரண்டுக்கும் தமிழே கைகொடுக்கும். அட்ஜசென்ட் 'அடுத்துள்ள', அட்ஜாய்னிங் 'ஒட்டியுள்ள'. ஓட்டலில் அறை கேட்கும்போது இந்த வித்தியாசம் தெரியும். அட்ஜசென்ட் அறை எதிர்ப்பக்கத்தில்கூட இருக்கலாம். அட்ஜாய்னிங் என்றால் நடுவில் ஒரே சுவர். அறைக்குள்ளிருந்தே போய்வரக் கதவு வேண்டுமென்றால் அது கனெக்டிங் ரூம். சிலர் அட்ஜாய்னிங்கையே அந்தப் பொருளில் சொல்வதும் உண்டு. ஆகவே குழந்தைகளைப் பக்கத்து அறையில் படுக்க வைப்பதாக இருந்தால், 'கனெக்டிங் டோர்' என்று கதவையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.